குற்ற உணர்வு யாருடைய வீட்டுப் பொருள்?
கம்பம்மெட்டின் இருபுறக் கதைகளை முன்வைத்து

மேட்டுச் சாலை

விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. தூக்குவாளியில் பகல் சோறும், தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டும், மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வண்டி கம்பம்மெட்டை எட்டும்போது மாநிலம் மாறுகிறது. அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்கள். பகல் முழுக்கக் களை, உரம், காய் எடுப்பு. சாயங்காலம் அதே வண்டியில் இறக்கம். தெற்கே குமுளி வழியாகவும் வடக்கே போடிமெட்டு வழியாகவும் இதே போக்குவரத்து நடக்கிறது.

இந்த மலைத்தொடரின் இருபுறத்தையும் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் முக்கியமான நாவல்களும் திரைப்படங்களும் வந்திருக்கின்றன. அவற்றில் கொடுமை உண்டு, கொலை உண்டு, உடைந்த குடும்பங்கள் உண்டு. அவற்றைத் தொடர்ந்து பார்த்தும் படித்தும் வந்தபோது என்னை விடாமல் உறுத்திய கேள்வி ஒன்றையே இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தக் கதைகளில் குற்ற உணர்வு யாருக்குக் கொடுக்கப்படுகிறது? எல்லோரும் துன்பப்படுகிறார்கள், ஆனால் தான் செய்ததை நினைத்துத் தூக்கமிழக்கும் உரிமை யாருக்கு வாய்க்கிறது?

கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்ற கோரிக்கை தோற்றது. அவை கேரளத்தில் நின்றன. அதற்கு முன்பே திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சி இம்மலைகளில் குடியேற்றக் காலனிகளை அமைக்கத் தொடங்கியிருந்தது. மத்திய திருவிதாங்கூரிலிருந்து வந்த குடும்பங்கள் காட்டைத் திருத்தி நிலம் கண்டன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். நிலம் ஒரு பக்கத்துக்கும் உழைப்பு மறுபக்கத்துக்குமாக அமைந்த இந்தப் பாகுபாடு கதைகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

இருவகை விளக்கங்கள்

இந்தக் கதைகளின் வேறுபாட்டைப் பற்றி நம்மிடையே இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. முதலாவது, மலையாளிகளின் கலை அடங்கிப் பேசும், தமிழரின் கலை உரத்து அழும் என்பது. இரண்டாவது இடதுசாரி விமர்சனம் வளர்த்தெடுத்தது. உழைக்கும் மக்களின் கதை சுரண்டலின் கதை; மனசாட்சியின் உள்வதைகள் வயிறு நிறைந்தவர்களுக்கே உரியவை என்று அது சொல்லும்.

முதல் விளக்கத்தை ஒரே நாவலைக் கொண்டு மறுத்துவிடலாம். ஜெயமோகனின் ‘ரப்பர்’ 1990இல் வெளிவந்த தமிழ் நாவல். குமரி மாவட்டத்தில் காட்டையும் வாழையையும் அழித்து ரப்பர் வைத்து உயர்ந்த பெருவட்டர் குடும்பத்தின் வீழ்ச்சியைச் சொல்வது. முன்னோர் செய்ததன் பாரம் பேரன் பிரான்சிஸின் தோளில் இறங்குகிறது. உடைமையாளர் வீட்டுக்குள் நுழைந்தவுடன் தமிழும் இப்படி அடங்கிப் பேசுகிறது, உள்மனத்தைத் தோண்டுகிறது. ஆகவே வேறுபாடு மொழியைச் சார்ந்ததல்ல.

இரண்டாவது விளக்கத்தில் உண்மை அதிகம், ஆபத்தும் அதிகம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தோட்டக்கார வீடுகள்

மூன்று மலையாளப் படங்களை எடுத்துக்கொள்கிறேன். கே.ஜி. ஜார்ஜின் ‘இரகள்’ (1985), ஜீத்து ஜோசப்பின் ‘திருஷ்யம்’ (2013), திலீஷ் போத்தனின் ‘ஜோஜி’ (2021). மூன்றும் நிலமுள்ள கிறித்தவக் குடும்பங்களின் கதைகள். மூன்றிலும் வீடே குற்றத்தின் களம்.

‘இரக’ளில் ரப்பர் முதலாளி மாத்துக்குட்டியாகத் திலகன் நடித்தார். பணமும் அதிகாரமும் அந்த வீட்டை நடத்துகின்றன. கடைசி மகன் பேபி கொலை செய்யத் தொடங்குகிறான். அக்காவோடு உறவிலிருந்த தோட்டத் தொழிலாளி ஒருவனும் அவன் கையில் சாகிறான். இறுதியில் தந்தையே மகனைச் சுட்டுக் கொல்கிறார். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது? தான் வளர்த்த கொடுமையைத் தானே முடித்துவைக்கும் தந்தையின் குற்ற உணர்வு என்று கொள்ளலாம். கட்டுமீறிப் போன உடைமையை உடைமையாளன் அழித்துவிடும் செயல் என்றும் கொள்ளலாம். இரண்டாவதே படத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஏனெனில் அந்த வீட்டில் பாசம்கூட அதிகாரத்தின் குரலிலேயே பேசப்படுகிறது. எப்படிக் கொண்டாலும் ஒன்று தெளிவு. முதலாளி வீட்டு மகனின் மனநோய்க்குக் காரணம் தேடிப் படம் அந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் திறந்து பார்க்கிறது. செத்த தொழிலாளியின் வீட்டுக் கதவு அவ்வளவாகத் திறக்கப்படவில்லை.

‘ஜோஜி’ மேக்பெத்தின் தாக்கத்தில் எழுதப்பட்டது. திரைக்கதை சியாம் புஷ்கரன். பனச்சேல் குட்டப்பன் மூன்று ஆண்மக்களையும் வளர்ந்த பிறகும் உள்ளங்கைக்குள் வைத்திருக்கும் தகப்பன். அவர் வாதத்தில் விழுகிறார். கடைசி மகன் ஜோஜி மாத்திரையை மாற்றிவைத்துத் தகப்பனைக் கொல்கிறான். பிறகு அண்ணனையும் கொல்கிறான். அண்ணி பின்சிக்கு எல்லாம் தெரியும், ஆனால் வாய் திறப்பதில்லை. ஷேக்ஸ்பியரின் நாயகனைக் கொலையுண்டவனின் ஆவி வந்து வதைக்கிறது. அவன் மனைவி தூக்கத்தில் எழுந்து கையைக் கழுவுகிறாள். ஜோஜிக்கு ஆவியும் இல்லை, கறையும் இல்லை. தன்னைச் சுட்டுக்கொள்ளும்போதுகூடச் சமூகத்தைக் குற்றம் சொல்லி எழுதி வைக்கிறான். குற்ற உணர்வு இல்லாதவனைக் காட்டும் படம் என் வாதத்துக்கு எதிரானதல்லவா என்று கேட்கலாம். இல்லை என்றே நினைக்கிறேன். அந்த இன்மையைத்தான் படம் முழு நீளத்துக்கும் ஆராய்கிறது. ஒருவனிடம் மனசாட்சி இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்து, அது இல்லாதபோது அதிர்வது அவனை முழு மனிதனாக மதிப்பதன் அடையாளம். தோட்டக்காரன் மகனுக்கு அந்த மதிப்பு கிடைத்திருக்கிறது.

‘திருஷ்ய’த்தின் நிலை சிக்கலானது. ஜார்ஜ்குட்டி பிறவிப் பணக்காரன் அல்லன். அநாதை, நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன், கேபிள் டிவி நடத்தி நிலம் சேர்த்தவன். கதை நடக்கும் ராஜாக்காடு கம்பம்மெட்டு இருக்கும் அதே உடும்பஞ்சோலை வட்டத்தின் ஊர். மகளை மிரட்ட வந்த காவல்துறை உயரதிகாரி கீதாவின் மகன் அந்த வீட்டில் செத்துப்போகிறான். தாயும் மகளும் உடலைப் புதைக்கிறார்கள். அதன் பிறகு குடும்பமே ஒரு பொய்யாக மாறுகிறது. அந்தப் பொய்க்கு அவர்கள் தேர்ந்த இடத்தை விமர்சகர்கள் இன்னும் கவனித்திருக்கலாம். தொடுபுழையில் நடந்த தியானக் கூட்டத்துக்குப் போயிருந்தோம் என்கிறார்கள். பாவத்தை நினைத்து வருந்துவதற்கென்று திருச்சபை ஏற்படுத்திய நாட்களையே பாவத்தை மறைக்கும் சாட்சியமாக்குகிறான் ஜார்ஜ்குட்டி.

கொடுமை இருபுறமும் நடக்கிறது. விசாரணையில் சின்னக் குழந்தையை அடிக்கிறார்கள். அடிக்கச் சொல்பவள் மகனைத் தேடும் ஒரு தாய். கடைசியில் அவளும் அவள் கணவரும் ஜார்ஜ்குட்டியிடம் வந்து தாங்கள் செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். அப்போது அவனும் பெயர் சொல்லாமல், இடம் சொல்லாமல், நடந்ததை ஒப்புக்கொள்கிறான். இரண்டு குடும்பங்கள் ஒன்றன் குற்றத்தை மற்றொன்று கேட்டு நிற்கும் அந்தக் காட்சி அண்மைக்கால மலையாள சினிமாவின் ஆழமான தருணங்களுள் ஒன்று. கும்பசாரக் கூட்டில் பாதிரியார் இருக்கவேண்டிய இடத்தில் இங்கே பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இருக்கிறார்கள்.

மலை இறங்கிய கதை

இதே கதை 2015இல் ‘பாபநாசம்’ ஆகத் தமிழுக்கு இறங்கியது. வசனம் ஜெயமோகன். ஏலமலை தாமிரபரணிக் கரையாயிற்று. ஊரின் பெயரே பாவம் அழியும் இடம் என்று பொருள்படுவது. ஜார்ஜ்குட்டி அடக்கிக்கொண்டு சொன்னதைச் சுயம்புலிங்கம் உடைந்து அழுது சொல்கிறான். கமல்ஹாசனின் நடிப்பை மெச்சியவர்களும் மிகை என்றவர்களும் உண்டு. எனக்கு அந்த அழுகை தேவையானதாகவே பட்டது. தமிழில் பழி என்பது வீட்டின் மேல் வந்து படிவது. பாவம் என்பது பிறவி தாண்டித் தொடர்வது. குற்ற உணர்வு என்ற சொல்லோ அண்மைக்காலத்தது, ஒருவனின் தனியறைக்கு உரியது. சுயம்புலிங்கத்தின் அழுகையில் மூன்றும் ஒன்றாய்க் கலந்து வருகின்றன. இப்படி அழ வாய்த்தவனும் தோப்பும் வீடும் உள்ளவன்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜீப்பில் போனவர்களின் வீடு

இனி மறுபக்கம். பி.எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். அங்கே கண்டதை வைத்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969இல் வந்தது, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் மீள முடியாமல் சிக்கும் கதை. இதைத் தழுவி பாலா எடுத்த ‘பரதேசி’ 2013இல் வெளியானது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் வந்தது; அது நேரடியாக நம் மேட்டுப் பாதைகளின் கதை.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் ரங்கசாமி ஏல மூட்டையைச் சுமந்து மலை இறங்குபவன். ஒரு துண்டு நிலம் வாங்குவதே வாழ்நாள் ஆசை. பணம் சேரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தட்டிவிடுகிறது. ஒருவழியாக நிலம் கிடைக்கிறது. பிறகு தொழிலாளரை வஞ்சித்தவர்களைக் கொன்ற வழக்கில் சிறைக்குப் போகிறான். கடனும் விளைச்சல் பொய்ப்பும் சேர்ந்து நிலத்தைக் கொண்டுபோகின்றன. தான் உழுத மண்ணில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாகச் சீருடை போட்டு அவன் உட்கார்ந்திருக்கும் முடிவு யாரையும் உலுக்கும். தேனி ஈஸ்வரின் கேமரா மெல்ல மேலேறி அந்த வெளியைக் காட்டும்போது அவன் புள்ளியாகிப் போகிறான்.

இந்தப் படத்தைத் தமிழின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியை இதனிடம் கேட்கத் துணிகிறேன். ரங்கசாமி ஒரு கொலையில் பங்கெடுத்திருக்கிறான். அந்தக் கொலை சிறையிலிருந்த ஆண்டுகளில் அவனுக்குள் என்ன செய்தது? மனைவி ஈஸ்வரி கைக்குழந்தையோடும் கடனோடும் தனியே நின்றாள். திரும்பி வந்தவனிடம் அவள் ஒரு நாளாவது கோபத்தில் வெடித்திருக்க மாட்டாளா? உன் ஆவேசத்தால்தானே என் நிலம் போயிற்று என்று அவள் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? படம் இந்தக் கேள்விகளின் அருகே நிற்பதில்லை. ரங்கசாமி வீட்டில் அன்பு மட்டுமே இருக்கிறது. கொடுமை முழுவதும் வெளியிலிருந்து வருகிறது.

‘பரதேசி’ ஒரு படி நெருங்கி வருகிறது. தப்பி ஓட முயன்றதற்காகக் கால் நரம்பு வெட்டப்பட்ட ராசா, படத்தின் இறுதியில், தன்னைத் தேடிக் காதலி அங்கம்மா பிள்ளையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்டு பாறையில் அமர்ந்து ஓலமிடுகிறான். என்னால்தான் நீயும் இந்தக் குழிக்குள் விழுந்தாய் என்பது அந்த ஓலத்தில் இருக்கிறது. ஆனால் அவன் எந்தத் தவறும் செய்தவன் அல்லன். தவறு செய்யும் அளவுக்குக்கூட அவனுக்குச் சுதந்திரம் தரப்படவில்லை. ஆகவே அது துயரமாகவே நின்றுவிடுகிறது.

மேலே ஒத்திவைத்த இரண்டாவது விளக்கத்துக்கு இங்கே வருகிறேன். ஏழைகளின் மேல் நடக்கும் கொடுமையைச் சொல்லவே போதிய படங்கள் வராத நிலையில், ஏழை வீட்டுக்குள் நடக்கும் கொடுமையையும் எடுத்துக்காட்டினால் அது முதலாளிக்குத்தான் உதவும் என்ற அச்சம் நியாயமானது. குடிகாரக் கணவன், அடிவாங்கும் மனைவி என்ற சித்திரத்தைக் கொண்டு உழைக்கும் சாதிகளை இழிவுபடுத்தியவர்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் அந்த அச்சத்துக்குக் கொடுத்திருக்கும் விலை பெரியது. தொழிலாளி களங்கமற்றவனாக நின்றுவிடுகிறான். களங்கமற்றவனுக்கு உள்ளம் தேவையில்லாமல் போகிறது. ஈஸ்வரிகளின் கோபம் சொல்லப்படாமலே போகிறது.

பொற்கொல்லனும் கங்காணியும்

இந்தப் பாகுபாடு சினிமாவோடு தொடங்கியதல்ல. கம்பத்துக்குத் தெற்கே, கூடலூருக்கு மேலே, எல்லைக் கோட்டருகில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்து நிற்கிறது. 1963இல் சி. கோவிந்தராசன் இதையே சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் என்று அடையாளம் காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை முழுநிலவன்று மட்டும் இரு மாநிலத்தாரும் ஏறிச்சென்று வழிபடுகிறார்கள். மதுரையை எரித்தபின் வைகைக் கரையோடு மேற்கே நடந்து கண்ணகி ஏறிய மலை இது என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை.

சிலப்பதிகாரத்தைக் குற்ற உணர்வின் காப்பியமாகவும் காணலாம். பெற்றோரையும் மனைவியையும் வருத்தியதை எண்ணிக் கொலைக்களம் போகுமுன் கோவலன் மனம் கலங்குகிறான். தவறான தீர்ப்பை அறிந்த நொடியில், தானே கள்வன் என்று சொல்லிப் பாண்டியன் உயிர்விடுகிறான், அரசியும் விழுகிறாள். உலக இலக்கியத்தில் இதற்கு இணையான காட்சிகள் அரிது. ஆனால் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பொய் சொன்னவன் அவன். அவன் உள்ளத்தில் என்ன நடந்தது என்று காப்பியம் நின்று கேட்கவில்லை. வணிகனுக்கு வருத்தம், மன்னனுக்கு மனசாட்சி. கம்மியனுக்கு வஞ்சம் மட்டும். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. அரசன் தன் குற்றத்துக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டு உயர்கிறான். பொற்கொல்லர் குலம் ஒருவனின் குற்றத்துக்காகக் கொல்லப்படுகிறது.

அந்தப் பொற்கொல்லனின் இடத்தில்தான் மலைக் கதைகளில் கங்காணி நிற்கிறான். அவன் முதலாளியும் அல்லன், தொழிலாளியும் அல்லன். அதே ஊர்க்காரன், பல நேரம் சொந்தக்காரன், முன்பணத்தோடு வாசலுக்கு வந்து உறவுமுறை சொல்லிக் கூப்பிடுபவன். தன் மாமன் மகளையும் தன் தெருப் பையனையும் மரணத்துக்கு அழைத்துப் போனவன். குற்ற உணர்வு யாருக்காவது இருந்திருக்க வேண்டும் என்றால் அவனுக்குத்தான். ஊருக்குத் திரும்பிய இரவுகளில் அவன் எப்படித் தூங்கினான்? அவன் மனைவி என்ன கேட்டாள்? ‘பரதேசி’ அவனைக் கொடியவனாகக் காட்டி முடித்துக்கொள்கிறது. கொடியவனாக மட்டும் ஒருவனைக் காட்டுவது எளிது. பார்ப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நல்லதங்காள் அறிந்தது

ஏழ்மையையும் வீட்டுக் கொடுமையையும் ஒன்றாகச் சொல்ல முடியாது என்பவர்களுக்கு நம் வாய்மொழி மரபில் பதில் இருக்கிறது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. அதுவும் இதே மலைத்தொடரின் அடிவாரம். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி சோறில்லாமல் விரட்டுகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். அறிந்து வரும் அண்ணன் நல்லதம்பி மனைவியைத் தண்டித்துத் தானும் உயிர்விடுகிறான்.

பஞ்சம் வெளியிலிருந்து வந்த கொடுமை. அண்ணியின் பூட்டிய அடுப்பங்கரை வீட்டுக்குள்ளிருந்து வந்த கொடுமை. கதை இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட தாயைத் தெய்வமாக்கியதோடு, தங்கை வந்த நேரத்தில் வீட்டில் இல்லாத அண்ணனையும் தன்னை மன்னிக்க முடியாதவனாக ஆக்கியது. தென்மாவட்டங்களில் வீட்டுத் தெய்வங்களாக வணங்கப்படும் கன்னிமார் பலர் சொந்தக் குடும்பத்தின் கையால் இறந்தவர்கள் என்ற கதைகளைக் கள ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவுசெய்திருக்கிறார்கள். கொன்ற வீட்டின் வழித்தோன்றல்களே ஆண்டுதோறும் சேலை வைத்துப் படைக்கிறார்கள். எழுத்தறியாத குடும்பங்கள் குற்ற உணர்வுக்கு ஒரு சடங்கையும் ஒரு நாளையும் ஒதுக்கி வைத்திருக்கும்போது, அது வயிறு நிறைந்தவர்களின் உடைமை என்று சொல்வது அவர்களை அறியாத பேச்சு.

அண்மை வரலாறும் இதையே காட்டுகிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் நிர்வாகத்தை எதிர்த்ததோடு நிற்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டியது. சொந்த வீட்டு ஆண்களையும் போராட்டக் களத்துக்கு வெளியே நிற்க வைத்தது. முதலாளியையும் வீட்டையும் ஒரே மூச்சில் கேள்வி கேட்க முடியும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நம் இலக்கியமும் சினிமாவும் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதே என் முடிவு.

கம்பம், கூடலூர், போடி, உத்தமபாளையம் பக்கத்திலிருந்து எழுதவும் படம் எடுக்கவும் வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் மேடேறும் ஜீப்பைப் பற்றி எழுதிவிட்டீர்கள். சாயங்காலம் அது இறக்கிவிட்டுப் போன பிறகு அந்தப் பெண் நுழையும் வீட்டைப் பற்றி எழுதுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவனின் வீட்டைப் பற்றியும் எழுதுங்கள். அவர்களில் பலர் உங்கள் தாத்தாக்கள்.